பொட்டு வைத்த பல்சக்கரங்கள்

அழகுமலையின் ஜீப்பை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்க அழகுமலை. இரண்டாவது கியரைப் பிடிக்க அவன் மனைவி அன்னக்கொடி. ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வண்டி அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேற்றில் நீந்தும், பூண்டு மூட்டை எத்தனை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. ஆனால் இரண்டாவது கியர் மட்டும் போட்ட இடத்தில் நிற்காது. மேடு ஏறும்போது பத்து கஜம் போவதற்குள் ‘டொக்’கென்று கழன்றுகொள்ளும், வண்டி பின்னால் உருளத் தொடங்கும். ஆகவே பூம்பாறை தாண்டியதும் அழகுமலை, “பிடி” என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அன்னக்கொடி இடது கையால் கியர்க் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சொந்த ஊரான கவுஞ்சி வந்து சேர்கிறவரை விடமாட்டாள். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

ஊரில் மற்றப் பெண்கள் மட்டக்குதிரைக்குப் பின்னால் நடந்து போகையில், தான் மட்டும் ஜீப்பில் போவதில் அன்னக்கொடிக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் இறங்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். பெருமையும் வலியும் சரிக்குச் சரியாக இருந்ததால் அவள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில்தான் வாயைத் திறந்தாள். தம்பி பொன்னுவேலுக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

பொன்னுவேலுக்கு ஆறு வயதில் தாயார் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டியதெல்லாம் அன்னக்கொடிதான். அவனும் நன்றி மறக்கிற பிள்ளை இல்லை. பழனி அடிவாரத்தில் பாத்திரக் கடையில் சேர்ந்த மறுவருஷமே அக்காவுக்கு ஒரு பழைய தையல் மிஷின் வாங்கி, மட்டக்குதிரை மேல் ஏற்றி மலைக்கு அனுப்பிவைத்தான். அப்பேர்ப்பட்ட தம்பிக்கு இப்போது பழனியில் வியாழக்கிழமை முகூர்த்தம். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அன்னக்கொடி நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்த இரண்டு முடிச்சும் சித்தப்பா மகள் சண்முகவள்ளியின் கைக்குப் போய்விடும். சண்முகவள்ளி பொல்லாதவள் இல்லை. ஆனால் ஒரு முடிச்சு போட்டால் அதைப் பற்றி ஆயுசுக்கும் பேசுகிறவள்.

“கல்யாணத்துக்குப் போறப்பவாச்சும் நான் மாப்பிள்ளைக்கு அக்காவா உக்காந்து வரணும். கியரப் பிடிச்சுக்கிட்டு கிளீனரா வர முடியாது, பாத்துக்கோங்க,” என்றாள் அவள்.

அழகுமலைக்குச் சுருக்கென்று தைத்தது. கொடைக்கானல் பட்டறையில் கொண்டுபோய் விட்டிருந்தால் செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் அவன் இளவட்டமாக இருந்தபோது மூன்று வருஷம் வத்தலக்குண்டில் லாரிக் கிளீனராக இருந்தவன். லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவனுக்கு ஜீப் எம்மாத்திரம் என்பது அவன் கட்சி.

“கியர் பொட்டிய எறக்கி, பிரிச்சு, தேஞ்சது எதுன்னு பாத்து மாத்திட்டு, திரும்ப ஏத்திட்டா சோலி முடிஞ்சது. ரெண்டே நாள்,” என்றான்.

சனிக்கிழமை வெள்ளனே வேலை தொடங்கியது. கவுஞ்சியில் சமதரை கிடைப்பது அபூர்வம்; எங்கும் படிப்படியாக வெட்டிய வயல்தான். இரண்டு பூண்டு வயல்களுக்கு நடுவே மழைத் தண்ணீர் இறங்குவதற்கு ஆழமாக ஒரு வாய்க்கால் உண்டு. அதன் குறுக்கே இரண்டு பலகை போட்டு ஜீப்பை மேலே ஏற்றி நிறுத்தினான். வாய்க்காலுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு அடித்தகட்டைக் கழற்றினான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று போகிற சுழல் தண்டுகளை விடுவித்தான். மேலே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் ஆண்டிச்சாமி. அழகுமலைக்குப் பங்காளி, தம்பி முறை. மூன்று மட்டக்குதிரைக்குச் சொந்தக்காரன். அவற்றைக் கல்யாணத்துக்குச் சீர் சுமக்க அனுப்பிவிட்டு, தான் ஜீப்பில் போவதென்று முடிவு கட்டியிருந்தான். அதனால் கூப்பிடாமலே வேலைக்கு வந்து நின்றான்.

பெட்டி ஒரு ஆள் கனம் இருந்தது. ஜீப்பின் தரையில் கியர்க் கம்பி வருகிற ஓட்டை வழியாகக் கயிறு விட்டு அதைக் கட்டினார்கள். கயிற்றை ஒரு யூகலிப்டஸ் கழியில் சுற்றி, ஒரு முனையை ஆண்டிச்சாமியும் மறு முனையை அன்னக்கொடியும் தோளில் வாங்கிக்கொண்டார்கள். கடைசி போல்ட்டு கழன்றதும் கழி ஒரு குலுங்கு குலுங்கியது.

“மெதுவா விடுங்க. இன்னுங் கொஞ்சம். என் வயித்து மேல வச்சிராதீங்க,” என்று வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

பெட்டி அவன் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளிச் சாக்கில் இறங்கியது. அன்றைக்கு அழகுமலை நடந்த நடை வேறு.

ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டு முன்னறையில் வைத்துப் பிரித்தான். முதலில் மேல்மூடியையும் அதற்குள் இருந்த சில்லறைச் சாமான்களையும் எடுத்தான். பிறகு பல்சக்கரங்கள், தண்டுகள், வளையங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு நீளச் சாக்கின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு வரிசையாக வைத்துக்கொண்டே போனான். பூட்டும்போது வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டே வந்தால் போதும். எழுதி வைக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மட்டுக்கும் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே பழைய எண்ணெய் தோய்ந்து ஒரே கறுப்பாகக் கிடந்தன. எது தேய்ந்தது என்று ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. புது எண்ணெயும் மூடிக்கு அடியில் வைக்கிற காகிதமும் வாங்க அழகுமலை விடியலிலேயே பூம்பாறைக்கு நடந்து, அங்கே லாரி பிடித்துக் கொடைக்கானல் போய்விட்டான். வீட்டில் அன்னக்கொடி பூஜைக்குச் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள். மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், படி, ஸ்பானர், குறடு. தையல் மிஷினையும் துடைத்து வைத்தாள். கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் இன்னும் ஒரு கை பாக்கி. அப்புறம் அவள் கண் முன்னறைச் சாக்கின் மேல் போனது. வீட்டுக்குச் சோறு போடுகிற வண்டியின் குடல் அத்தனையும் இப்படி அழுக்காகவா சாமி முன்னால் கிடப்பது என்று தோன்றியது அவளுக்கு.

சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இடது கோடியிலிருந்து ஒன்று எடுப்பாள், தேய்ப்பாள், வெந்நீரில் அலசுவாள், துணியால் ஒற்றிச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பாள், முறத்தில் போடுவாள். பிறகு அடுத்தது. ஊசி ஊசியாக இருந்த உருளைகளை ஒரு துணியில் முடிந்து, முடிப்புக்கே ஒரு பொட்டு வைத்தாள். மத்தியானம் தாண்டிவிட்டது. முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. கடைசியில் அத்தனையையும் வாழை இலையில் பெரிசு முதல் சிறிசு வரை அழகாக அடுக்கினாள். பெரிய சக்கரம் நடுவில், சின்ன வளையங்கள் சுற்றிவர. கல்யாண வீட்டு வரிசைத் தட்டு தோற்றது போங்கள்.

சாயங்காலம் அழகுமலை வந்து வாசல்படியிலேயே நின்றான். இலையைப் பார்த்தான். வெறும் சாக்கைப் பார்த்தான்.

“எப்படி இருக்கு?” என்றாள் அன்னக்கொடி.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு அவள் அவனுக்குச் சுண்டல் எடுத்து வந்தாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை சூடம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும், சூடம் காட்டுவதற்கு முன்பே, கல்யாணத்துக்கு நடந்து போகிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மலையிலிருந்து நேராகப் பழனிக்கு இறங்குகிற காட்டுப் பாதை; ஐப்பசி மழையில் ஓடையெல்லாம் நிரம்பி ஓடும் என்பதால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். ஆண்டிச்சாமியின் குதிரைகளில் சீர் ஏறியது.

“நீயும் எங்களோட வந்துரு தாயி,” என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்.

அன்னக்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மண்வெட்டியில் இருந்த பொட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாங்க நாளைக்கு ஜீப்புல வந்துருவோம். நீங்க வெரசா நடங்க,” என்று சொல்லி அவள் அவர்களை அனுப்பிவைத்தாள்.

கூட்டம் கண்ணுக்கு மறைந்தது. சூடம் காட்டியாயிற்று. அழகுமலை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, கையை நீட்டவில்லை.

“என்னண்ணே, தியானமா?” என்றான் ஆண்டிச்சாமி.

“வரிசை போச்சுலே,” என்றான் அழகுமலை. “சாக்குல இருந்த வரிசையில மாட்டினாத்தான் பொட்டி சேரும். எதுக்கு அப்புறம் எதுன்னு எனக்குத் தெரியல.”

தான் செய்த வேலை இன்னதென்று அன்னக்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த நொடியே இன்னொன்றும் புரிந்தது.

“இது நேத்து சாயங்காலமே உங்களுக்குத் தெரியுமா?”

அவன் வாழை இலையின் ஓரத்தை நிமிண்டினான்.

“நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவங்களோட நடந்தே போயிருப்பேன்ல? காட்டெருமை திரியிற பாதையில இனிமே நான் ஒத்தையா எப்படிப் போவேன்?”

“நீ அம்புட்டுப் பாடுபட்டுத் தேச்சு வச்சிருந்த. மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றதுன்னு...”

திட்டுவதற்கு அவளிடம் பெரிய கையிருப்பு இருந்தது. ஆனால் அந்தப் பதில் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அழுகை வந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் தலையை மடியில் வைத்து ஈர் உருவியது ஞாபகம் வந்தது. அந்தத் தலைக்குப் பட்டம் கட்டுகிற அன்றைக்கு, அவள் இங்கே பல்சக்கரத்துக்குக் காவல் இருக்க வேண்டியதுதானா? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபத்தோடு இலையை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று குனிந்து ஒரு வளையத்தை எடுத்தாள். அதை வைத்துவிட்டு ஒரு சக்கரத்தை எடுத்தாள். அப்புறம் எழுந்து போய்க் குங்குமச் சிமிழைத் திறந்து பார்த்தாள். அதன் அடித்தகரம் தெரிந்தது.

“ஏங்க, சாக்குல இடது பக்கத்துல இருந்துதான் ஒண்ணொண்ணா எடுத்தேன். எடுத்ததும் தேச்சு, தேச்சதும் பொட்டு வச்சேன். மொதல்ல சிமிழ் நெறைய குங்குமம் இருந்துச்சு. காலணா அகலத்துக்கு வச்சேன். போகப்போகக் கொறஞ்சுபோச்சு. கடேசியில வெறும் சந்தனந்தான்.”

அழகுமலை அவளைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். பெரிய சக்கரம் ஒன்றில் காலணாப் பொட்டு. பக்கத்திலேயே அதே அளவு இன்னொரு சக்கரத்தில் மிளகு அளவு. ஒரு தண்டில் குங்குமமே இல்லை.

“அப்ப, சந்தனத்துல ஆரம்பிச்சுக் காலணாவுல முடிக்கணும்,” என்றான் மெல்ல.

மூன்று பேரும் குனிந்து பொட்டுகளை அளந்தார்கள். கடுகு, மிளகு, துவரை, மொச்சை, காலணா என்று சாக்கில் மறுபடியும் வரிசை பிறந்தது. இரண்டு இடங்களில் சந்தேகம் வந்தது. “இது மொச்சை இல்ல, துவரைதான், அப்ப என் கை ஈரமா இருந்துச்சு, பரவிருச்சு,” என்று அன்னக்கொடி தீர்ப்புச் சொன்னாள். மேல்முறையீடு கிடையாது. ஊசி உருளைகள் உதிராமல் இருக்கக் கிரீஸ் போதவில்லை; நெய்க் கிண்ணம் வந்தது. கவுஞ்சிக் குளிரில் நெய் பகலிலும் இளகாது. ஒவ்வொரு உருளையும் நெய்யில் பதிந்து அசையாமல் நின்றது. சாயங்காலத்துக்குள் பெட்டி பூட்டியாகிவிட்டது. மேல்மூடி மட்டும் பாக்கி; அது இருந்தால் கயிறு வழுக்குகிறது என்று இறக்கும்போதே பார்த்திருந்ததால் கடைசிக்கு ஒதுக்கினார்கள்.

புதன் காலை கழியில் கயிற்றைச் சுற்றிப் பெட்டியை ஏற்றினார்கள். இறக்குவது போலில்லை ஏற்றுவது. தண்டு நேராகப் போய் உட்காரும்வரை ஆண்டிச்சாமியும் அன்னக்கொடியும் கழியைத் தோளில் தாங்கி நிற்க, கீழே இருந்து “கொஞ்சம் தூக்கு, கொஞ்சம் எறக்கு” என்று கட்டளை வந்தபடி இருந்தது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. பத்து மணி சுமாருக்கு எல்லாப் போல்ட்டும் இறுகின. அழகுமலை சேறும் எண்ணெயுமாக எழுந்து ஜீப்புக்குள் ஏறி, தரை ஓட்டை வழியாக மேல்மூடியைப் பூட்ட உட்கார்ந்தான். சாக்கில் மிச்சம் காலணாப் பொட்டு வைத்த சாமான்கள்தான். ஒரு கம்பி, ஒரு இரும்புக் குண்டு, அப்புறம் இரண்டு துண்டு ஸ்பிரிங். இரண்டிலும் ஆளுக்கொரு பெரிய பொட்டு.

“இது ஏது ரெண்டு? நான் ஒரு ஸ்பிரிங்தான எடுத்தேன்?”

“எனக்கென்ன தெரியும்? சாக்குல ஒண்ணாத்தான் இருந்துச்சு. அழுக்கைத் தேச்சதும் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ரெண்டுக்கும் வச்சேன்.”

அழகுமலை இரண்டு துண்டையும் முனையோடு முனை சேர்த்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தின. முறிந்த இடம் பழைய துரு. எண்ணெய்ப் பிசுக்குதான் இத்தனை காலமும் அதை ஒன்றாக ஒட்டிவைத்திருக்கிறது. கியர் போட்டதும் கம்பியில் உள்ள பள்ளத்தில் குண்டை அழுத்திப் பிடிப்பது அந்த ஸ்பிரிங்தான். அது முறிந்தால் குண்டு பிடிக்காது. குண்டு பிடிக்காவிட்டால் கியர் நிற்காது.

“அப்ப சக்கரம் எதுவும் தேயலையா?” என்றாள் அன்னக்கொடி.

“தேயல.”

ஆண்டிச்சாமி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். “ஏண்ணே, இந்த மூடி மேலதான இருக்கு? மொதல்லயே இங்க உக்காந்து இதை மட்டும் கழத்தியிருந்தா?”

முதலில் அன்னக்கொடிதான் சிரித்தாள். வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அழகுமலையும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் நிலைமை அப்படியே இருந்தது. புது ஸ்பிரிங்குக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் முகூர்த்தம் கிடையாது. எப்போதும்போல அவள் பிடித்துக்கொண்டு வரலாம் என்றால், கவுஞ்சியிலிருந்து பழனிவரை எத்தனை மேடு, எத்தனை இறக்கம். அன்னக்கொடி துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். தையல் மிஷினின் தலைப்பக்கத் திருகைக் கழற்றினாள். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்துக்கு மேலே, கம்பியைச் சுற்றி, அதே தடிமனில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. நீளம்தான் கூடுதல்.

“ரவிக்கைக்கு ஒரு கை பாக்கின்னியே?” என்றான் அழகுமலை.

“கையில தச்சுக்கிறேன். நீங்க அளவாப் பாத்து நறுக்குங்க.”

தம்பி வாங்கித் தந்த மிஷின். அதைக் குறடு நறுக்கியபோது அவளுக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. வலியைப் பார்க்க நேரமில்லை.

ஸ்பிரிங் உட்கார்ந்தது, குண்டு உட்கார்ந்தது, மூடி இறுகியது. ஊருக்கு மேலே உள்ள செங்குத்து மேட்டில் அழகுமலை இரண்டாவது கியரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். பத்து கஜம் போயிற்று. ஐம்பது கஜம் போயிற்று. மேட்டின் உச்சியில் ஆண்டிச்சாமி தலைப்பாகையை அவிழ்த்து வீசினான்.

மத்தியானம் கிளம்பினார்கள். பின்னால் ஆண்டிச்சாமி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி ரவிக்கையை மடியில் போட்டுத் தைக்கத் தொடங்கினாள். மேடு வந்தபோதெல்லாம் அவளுடைய இடது கை தானாகக் கியர்க் கம்பிக்குப் போயிற்று. அழகுமலை ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து அவள் மடியிலேயே வைத்தான். தையல் நெளிநெளியாக ஓடியது. பூம்பாறை இறக்கத்தில் அவள் முதன்முதலாக அருவியைப் பார்த்தாள். நாலு வருஷமாக அது அங்கேதான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை மேளம் உச்சத்தில் இருந்தது. பொன்னுவேல் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, பின்னால் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சண்முகவள்ளி ஓரமாக நின்று அன்னக்கொடியின் கையைப் பார்த்தாள். மூன்று தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கியர் எண்ணெய் போகவில்லை. ரவிக்கையின் ஒரு கை நேராகவும் மறு கை கோணலாகவும் இருந்தது.

“கையக் கொஞ்சம் கழுவிட்டு வந்திருக்கலாம்லக்கா?” என்றாள் சண்முகவள்ளி.

அன்னக்கொடி காதில் வாங்கவில்லை. மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் எடுத்தாள். இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கயிற்றில் லேசாகக் கறுப்பு ஒட்டியது. மணப்பெண் தலையைக் குனிந்தபடியே முனகினாள்.

“மெதுவா மதினி. முடியும் சேந்து இழுபடுது.”

“பொறுத்துக்கோ தாயி,” என்றாள் அன்னக்கொடி, இன்னொரு தரம் இழுத்துவிட்டு. “நாலு வருசமா நான் பிடிச்சது எதுவும் நழுவுனதில்ல.”